பதில்: 9 வருஷ அனுபவம், கையில் சான்றிதழ் இல்லை

தம்பி, பொகவந்தலாவையில் தேயிலை பெக்டரி எலக்ட்ரீஷியனாக 9 வருஷம், சான்றிதழ் இல்லாததால் பதவி உயர்வு இல்லை, நைட் ஷிப்டால் தூக்கமும் போச்சு என்று எழுதியிருந்தீர்கள்.

மறுபடி வகுப்பில் உட்காரத் தேவையில்லை. என்.வி.கியூவை (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) அனுபவத்தை வைத்தே எடுக்கலாம், அந்த முறையை ஆர்.பி.எல். என்பார்கள். நைட்டா (NAITA, அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபை) அலுவலகத்தில் கேளுங்கள். செய்த வேலைக்கு ஆதாரம் காட்ட வேண்டும், அப்புறம் மதிப்பீட்டாளர் முன்னால் செய்தும் காட்ட வேண்டும். நானும் அப்படித்தான் எடுத்தேன். ரோலர் மோட்டார் கழற்றும்போது, பேனல் வயரிங் முடிந்ததும் போனில் படம் எடுத்து வையுங்கள். சேவைக் கடிதத்தை இன்றே கேளுங்கள். என் பழைய தோட்டத்தில் அந்த ஒரு தாளுக்கு நாலு மாதம் அலைந்தேன்! என்.வி.கியூ லெவல் 4 கிடைத்தால் அடுத்து லெவல் 5, 6, அவை டிப்ளோமா.

தூக்கத்துக்கு: ஷிப்டின் பின்பாதியில் பிளேன்டீயை நிறுத்துங்கள் (தேயிலைக்குள்ளேயே நின்றுகொண்டு கஷ்டம்தான்). பகலில் லயத்து ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். மனசு ரொம்பப் பாரமாக இருந்தால் மனநல உதவி எண் 1926க்கு அடியுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள். கரண்டில் கை வைக்கிற ஆள் நீங்கள், தூக்கக் கலக்கத்தோடு பேனலைத் திறக்காதீர்கள்.