வாசகர் கேள்வி – பதில்: பழைய படம், பெரிய திரை

பழைய படம் ஒன்றின் போஸ்டரில் '4கே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல் வழுவழு. அந்த தியேட்டரில் இருப்பது 2கே புரொஜெக்டராம். அதனால்தானா?

புரொஜெக்டர் மேல் பழி போடாதீர்கள். 4கே என்றால் அகலத்தில் 4,096 புள்ளிகள், உயரத்தில் 2,160; 2கே-யில் இரண்டும் பாதி. 4கே பிரதியைக் கொடுத்தாலும் 2கே கருவி தனக்கு வேண்டியதை மட்டும் அதிலிருந்து பிரித்து எடுத்து ஒழுங்காகக் காட்டிவிடும். பின்வரிசையில் உட்கார்ந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

கேட்க வேண்டிய கேள்வி, எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள் என்பது. கேமராவில் ஓடிய மூல நெகட்டிவ்தான் முதல் தலைமுறை. அதிலிருந்து ஒரு பாசிட்டிவ், அதிலிருந்து டூப் நெகட்டிவ், அதிலிருந்துதான் தியேட்டருக்கு வந்த பிரிண்ட். ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் குறையும், கான்ட்ராஸ்ட் ஏறும். நெகட்டிவில் தெரிகிற கறுப்புக் கோட்டுச் சட்டையின் மடிப்பெல்லாம் பிரிண்டில் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். மூல நெகட்டிவ் கிடைத்தால் 4கே ஸ்கேனுக்கு அர்த்தம் உண்டு. அடிபட்ட பிரிண்டுக்கு 2கே-யே தாராளம். டி.வி. ஒளிபரப்புக்காக எடுத்த 576 வரி டேப்பை ஊதிப் பெரிதாக்கி 4கே என்று பெயர் வைத்தாலும் போஸ்டர் ஒட்டத் தடையில்லை!

மெழுகு முகம் வந்தது வேறு வழியில். ஃபிலிமில் தெரியும் பொடிப்புள்ளி அழுக்கு அல்ல; அந்தப் பொடியால் ஆனதுதான் பிம்பமே. 'சுத்தமா இருக்கணும்' என்று கணினியில் அதை வழித்தெடுத்தால் தோலின் துளை, தலைமுடி இழை, துணியின் நெசவு எல்லாம் கூடவே போகும். நடிகர் சட்டென்று தலையைத் திருப்பும்போது முடியின் ஓரத்தைப் பாருங்கள். பின்னால் லேசாக ஒரு நிழல் இழுபட்டால் வடிகட்டியது அளவு மீறிவிட்டது. ஓடும் சக்கரத்தின் விளிம்பில் சீப்புப் பற்கள்போலக் கோடுகள் தெரிந்தால் மூலம் வீடியோ டேப் என்று அடித்துச் சொல்லலாம்.

படத்தின் நடுநடுவே வலது மேல் மூலையில் ஒரு வட்டம் வந்து மறைகிறதே, அது என்ன?

ஆபரேட்டருக்கான குறி. அன்று இரண்டு புரொஜெக்டர்களில் ரீல்களை மாறி மாறி ஓட்டினார்கள். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 2,000 அடி ரீல் 22 நிமிடம். ரீல் முடிய சுமார் 8 வினாடி இருக்கும்போது முதல் வட்டம்: அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரைப் போடு. ஒரு வினாடி இருக்கும்போது இரண்டாவது: மாற்று. டிஜிட்டல் பிரதியிலும் இது தெரிந்தால் பெரும்பாலும் தியேட்டர் பிரிண்டையோ டூப்பையோ ஸ்கேன் செய்திருக்கிறார்கள். முந்தைய கேள்விக்கு இதுவே ஒரு துப்பு.

கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லோருடைய தலையும் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. படமே அப்படித்தானா?

இல்லவே இல்லை. சினிமாஸ்கோப்புக்கு முந்தைய பேசும் படங்கள் பெரும்பாலும் 1.37:1 விகிதத்தில் எடுத்தவை, ஏறக்குறையச் சதுரம். இன்றைய 2கே டிஜிட்டல் பிரதியில் 'ஃப்ளாட்' சட்டகம் (1.85:1) 1,998 × 1,080 புள்ளிகள், இன்னும் அகலமான 'ஸ்கோப்' 2,048 × 858. பழைய படத்தை ஃப்ளாட் சட்டகத்தில் முழு உயரத்துக்கு வைத்தால் அகலம் சுமார் 1,480 புள்ளிதான் வரும். மீதி இரண்டு பக்கமும் கறுப்பு. அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள், படம் முழுசாக இருக்கிறது.

'திரை நிறையணும்' என்று அதையே 1.85-க்குப் பெரிதாக்கினால் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு காலி. தலை ஒரு பக்கம், நடனத்தில் பாதம் இன்னொரு பக்கம். அகலத்துக்கு இழுத்தால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்த ஸ்கோப் பிரிண்டை அதற்கான லென்ஸ் இல்லாமல் ஓட்டினால் நேர் எதிர்: எல்லோரும் ஒட்டடைக் குச்சி.

டைட்டில் ஓடும்போதே பார்த்துவிடுங்கள். மேல் வரியோ கீழ் வரியோ அறுபட்டால் உடனே எழுந்துபோய் 'ஃப்ளாட்டுக்கு மாத்துங்க' என்று சொல்லுங்கள். ஆபரேட்டருக்கு அது ஒரு பட்டன் வேலை. இடைவேளையில் போய்ச் சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை. வெட்டு பிரதியிலேயே இருந்தால் பட்டனாலும் ஆகாது. அது படத்தைத் தயார்செய்தவர்கள் செய்த வேலை.

வசனம் கிறீச்சென்று காதைக் குத்துகிறது. பழைய ஒலிப்பதிவே மோசமா?

பெரும்பாலும் ஒலிப்பதிவு மேல் தப்பில்லை. ஃபிலிம் ஓரத்தில் ஒளியால் பதிந்த மோனோ (ஒற்றை வழி) ஒலி ட்ராக்கில் இரைச்சல் உண்டு என்பது அன்றைய தியேட்டர்காரர்களுக்குத் தெரியும். அதனால் அவர்களுடைய ஒலிக்கருவியே உச்ச ஸ்தாயியை இறக்கித்தான் ஒலிக்கும். அதை மனதில் வைத்துத்தான் ஒலிப்பதிவாளர் வசனத்தைக் கூர்மையாக வைத்தார். இன்றைய ஸ்பீக்கரில் அதை அப்படியே விட்டால் இரைச்சலும் 'ஸ', 'ச' ஒலிகளும் பாயும். பிரதி தயாரிக்கும்போதே அந்த இறக்கத்தைச் சேர்த்திருக்க வேண்டும். மோனோ படம் நடு ஸ்பீக்கரிலிருந்து மட்டும் வந்தால் போதும். சுற்றியுள்ள எல்லா ஸ்பீக்கரிலும் அதையே திறந்துவிட்டால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும்.

பழைய கலர் பிரிண்ட் ஒன்று முழுக்க ரோஸ் நிறத்தில் இருந்தது. பச்சைக் கோடு வேறு. ஏன்?

கலர் பிரிண்டில் மூன்று சாய அடுக்குகள். 1980-களுக்கு முந்தைய பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளுக்கும். அது போனால் மிச்சம் சிவப்பு. வெக்கையில் கிடந்த பெட்டி சீக்கிரம் சிவக்கும். சாயத்தை அச்சுபோல ஒற்றி எடுத்த டெக்னிகலர் பிரிண்டுகளுக்கு இந்த நோய் கிடையாது.

பச்சைக் கோடு கீறல். மேலடுக்கு மெஜந்தா, அது மட்டும் உரிந்தால் பச்சை தெரியும், அடுத்ததும் உரிந்தால் மஞ்சள், மூன்றும் போனால் வெள்ளை. கோட்டின் நிறமே காயத்தின் ஆழம். கீறல் மறுபக்கத்தில், அதாவது அடித்தளத்தில் மட்டும் இருந்தால் பிழைக்கலாம்: ஃபிலிமைப் போலவே ஒளியை வளைக்கும் ஒரு திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்தால் பள்ளம் நிரம்பிக் கோடு மறைந்துவிடும்.

எங்கள் திரைப்படச் சங்கத்துக்கு ஒரு 35 மி.மீ. பிரிண்ட் கிடைத்திருக்கிறது. ஓட்டலாமா?

முதலில் ஃபிலிம் ஓரத்தைப் படியுங்கள். 'நைட்ரேட்' (எளிதில் தீப்பற்றும் பழைய வகை ஃபிலிம்) என்று இருந்தால் அந்தப் பெட்டியை மூடி, நெருப்புக்கும் வெயிலுக்கும் தூரமாக வைத்துவிட்டு ஒரு ஆவணக் காப்பகத்தைக் கூப்பிடுங்கள். எரியும்போது தானே ஆக்சிஜனை உண்டாக்கிக்கொள்ளும், தண்ணீருக்குள்ளும் அணையாது. கோடாக் நிறுவனம் 1951-இலேயே அதை நிறுத்திவிட்டது. 'சேஃப்டி' என்று இருந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். ஓரத்தில் எழுத்தே இல்லை என்றால் நைட்ரேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அசிடேட் (சேஃப்டி ஃபிலிம் பலவற்றின் அடித்தளப் பொருள்) சிதையத் தொடங்கிவிட்டது. அந்த அமிலமே சிதைவை வேகப்படுத்தும், பக்கத்து ரீலையும் கெடுக்கும். தனியே எடுத்து வையுங்கள்.

பிறகு சுருக்கம். நல்ல நிலையில் உள்ள புது ஃபிலிம் ஒரு துண்டை மேஜைமேல் விரித்து, பழையதை அதன்மேல் துளைக்குத் துளை பொருந்த வைத்து 100 துளை எண்ணுங்கள். புதியதில் அது 475 மி.மீ. நீளம். பழையதன் நூறாவது துளை புதியதன் 99-ஆவது துளைக்கு நேரே வந்து நின்றால் ஒரு சதவீதம் சுருங்கியிருக்கிறது. அதை ஓட்டக் கூடாது. பற்சக்கரம் துளைகளைக் கிழித்துக்கொண்டே போகும். அரைத் துளை தள்ளினாலே யோசியுங்கள்.

தேறினால் கையால் சுற்றும் மேஜையில் மெதுவாக ஓட்டி, பருத்திக் கையுறை போட்ட விரல்களால் இரு ஓரத்தையும் தடவி வாருங்கள். கிழிசல் துணியில் மாட்டும். பழைய ஒட்டுகளை லேசாக வளைத்துப் பாருங்கள், விரிந்தால் டேப் போட்டு மறுபடி ஒட்டுங்கள். முதல் ரீலின் தொடக்கமும் ஒவ்வொரு ரீலின் வாலும்தான் அதிகம் அடிபட்டிருக்கும். ஒட்டில் ஃப்ரேம் போயிருந்தால் படம் குதித்து, ஏறக்குறைய 0.8 வினாடி கழித்து ஒலி குதிக்கும். புரொஜெக்டரில் ஒலியைப் படிக்கும் முனை, படத்துக்கு ஒளி பாயும் சாளரத்துக்குச் சுமார் 20 ஃப்ரேம் தள்ளி இருப்பதால் அப்படி, புரொஜெக்டரை நோண்டாதீர்கள்.

மௌனப் படத்தில் எல்லோரும் ஏன் குடுகுடுவென்று ஓடுகிறார்கள்?

வினாடிக்கு 16 முதல் 20 ஃப்ரேம் வரை எடுத்ததை 24-இல் ஓட்டுகிறார்கள். அன்றைய ஆட்கள் நம்மைப் போலத்தான் நடந்தார்கள்.

டிக்கெட் எல்லாம் விற்ற பிறகு 'கீ வரலை' என்று காட்சியை ரத்து செய்தார்கள். சாக்கா?

நிஜமாகவே நடக்கும். டிஜிட்டல் பிரதி பூட்டிய கோப்பு. கே.டி.எம். என்ற சாவி அந்த அரங்கின் சர்வருக்கு மட்டும், இந்த மணியிலிருந்து இந்த மணிவரை என்று எழுதித்தான் வரும். சர்வரை மாற்றிவிட்டு விநியோகஸ்தருக்குச் சொல்லாமல் விட்டாலோ, முதல் காட்சி மாலை என்று நினைத்து மாலைக்குச் சாவி எழுதி, தியேட்டரில் மதியம் போட்டாலோ திறக்காது. இரண்டரை மணி நேரப் படம் 280 ஜி.பி. வரை வரும் என்பதால் ஏற்றுவதற்கே நேரம் பிடிக்கும். முந்தின நாளே ஏற்றி, சாவியையும் போட்டு, தொடக்கம், இடைவேளை, கடைசி என்று மூன்று இடத்தில் ஐந்தைந்து நிமிடம் ஓட்டிப் பார்க்கும் தியேட்டரில் இந்த ரத்து அநேகமாக நடப்பதில்லை.

சின்ன வயதில் பார்த்த ஒரு காட்சி இப்போதைய பிரதியில் இல்லை. திரும்பக் கிடைக்குமா?

எங்காவது ஒரு பிரதி பிழைத்திருந்தால். 1927-இல் வந்த 'மெட்ரோபோலிஸ்' படத்தில் தொலைந்துபோன சுமார் 25 நிமிடம் 2008-இல் புவெனஸ் அயர்ஸில் ஒரு 16 மி.மீ. பிரதியில் அகப்பட்டது. கீறல் நிறைந்த அந்தப் பகுதிகளையும் சேர்த்துத்தான் 2010-இல் வெளியிட்டார்கள். அந்தக் காட்சிகள் வரும்போது மட்டும் திரையில் மழை பெய்வதுபோல் இருக்கும். பார்த்தவர்கள் யாரும் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.