வாசகர் கேள்வி–பதில்: மில்லேயின் வயல்

கே: பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ ஓவியத்தில் மூன்று ஏழைப் பெண்கள் குனிந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான். 1857இல் பாரிஸில் இதற்கு ஏன் அத்தனை எதிர்ப்பு? (வாசகர், திருவாரூர்)

ப: பெண்களுக்குப் பின்னால் பாருங்கள். மலைபோல் குவித்த கதிர்ப்போர்கள், வண்டி கொள்ளாத கோதுமைக் கட்டுகள், வலது ஓரத்தில் குதிரைமேல் கங்காணி. விளைச்சல் அமோகம்; இவர்களுக்குக் கிடைப்பது சிந்திய கதிர் மட்டும். அதையும் நினைத்தபோது பொறுக்க முடியாது. கட்டு முழுதும் வயலைவிட்டுப் போயிருக்க வேண்டும், பொழுது விடிந்து அடைவதற்குள் முடிக்க வேண்டும். மீறினால் அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி 1 முதல் 5 பிராங்க் வரை அபராதம்.

மில்லே அந்த வேலையை நன்றாகக் கவனித்தவர். இடது ஓரப் பெண் வலக்கையால் பொறுக்குகிறாள். சேர்த்த கதிர் முதுகுக்குப் பின்னால் இடக்கையில். இடுப்பில் கட்டிய முன்துணியை மடித்து மடியாகக் கட்டியிருக்கிறார்கள். மூன்றாமவள் மட்டும் பாதி நிமிர்ந்திருக்கிறாள். முகங்கள் நிழலில் கிடக்கின்றன, வெயில் விழுவது முதுகில்.

பிரான்சில் மன்னராட்சியைக் கவிழ்த்த 1848 புரட்சி நடந்து ஒன்பது ஆண்டுதான் ஆகியிருந்தது. ஏழைகளை இப்படிப் பெரிதாக வரைந்ததே மிரட்டலாகத் தெரிந்தது. இவர்களுக்குப் பின்னால், முந்தைய பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து 1793இன் கொலைமேடைகள் தெரிவதாக ஒரு விமர்சகர் எழுதினார். கேட்டால் சிரிப்புதான் வருகிறது, ஆனால் பயம் நிஜம்.

கே: வயலில் ஓர் ஆணும் பெண்ணும் தலைகுனிந்து ஜெபிக்கும் அவருடைய ‘ஏஞ்சலஸ்’ படத்துக் கூடையில் இருப்பது குழந்தையின் சவப்பெட்டியாமே? (வாசகி, மதுரை)

ப: உருளைக்கிழங்கு. சவப்பெட்டி என்றது ஓவியர் டாலி. 1963இல் எக்ஸ்ரே எடுத்ததில் கூடைக்கு அடியில் கறுப்பாக ஒரு வடிவம் தெரிந்தது. அது என்னவென்பது முடிவாகவில்லை.

கே: ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ நகலை வரவேற்பறையில் மாட்ட ஆசை. எந்த அளவில் அச்சடிக்கலாம்? (வாசகி, கோவை)

ப: பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலம் 83.5 செ.மீ. உயரம், 111 செ.மீ. அகலம், ஏறக்குறைய 3:4. எனவே 18×24 அங்குலம் கச்சிதம். 24×36 கேட்டால் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுப்படும், பெரும்பாலும் வானம்தான் போகும். வெட்டாமல் இழுத்து நிரப்பினால் பெண்கள் குட்டையாகிவிடுவார்கள். முதலில் சின்னதாக ஒரு மாதிரி அச்சு கேளுங்கள். படத்தில் அறுப்பு முடிந்த வயல் வைக்கோல் பழுப்பாக இருக்க வேண்டும். எலுமிச்சை மஞ்சளாக வந்தால் நிறத்தைக் கூட்டியிருக்கிறார்கள், குறைக்கச் சொல்லுங்கள். வலது ஓரம் சட்டத்துக்குள் மறையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், கங்காணி அங்கேதான் இருக்கிறார்.