காய்ச்சல் வரலாம் என்று எழுதினேன்

ஐயா,

நீங்கள் முதலில் நிருபர், அப்புறம் சுகாதாரப் பிரச்சாரம், இப்போது பல்கலைக்கழக மக்கள் தொடர்பு. மூன்றுக்கும் என்ன சம்பந்தம்? மக்கள் தொடர்புக்குப் போகிறவன் பேனாவை விற்றவன் என்கிறார் எங்கள் பேராசிரியர். நான் புதுச்சேரியில் இதழியல் படிக்கிறேன்.

— ஒரு மாணவர், நெல்லிக்குப்பம்

அன்புள்ள தம்பி,

பேராசிரியர் சொன்னது பாதி உண்மை. அன்று தெரிந்ததை எழுதச் சம்பளம் வாங்கினேன். இன்று சிலதை எழுதாமல் இருக்கவும் சேர்த்து வாங்குகிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பல நாள் கடலூர் தேவனாம்பட்டினத்திலேயே கிடந்தேன். சாவு எண்ணிக்கையைப் பக்கம் பக்கமாக எழுதினோம். ஆனால் ஊரில் என்னை நிறுத்திக் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "சார், இப்ப மீன் சாப்பிடலாமா?" அதற்கு எங்கள் பேப்பரில் ஒரு வரி கூட இல்லை. சுகாதாரத்துக்கு நான் தாவியது அந்தக் கேள்வியால்தான்.

அங்கே யானைக்கால் நோய்த் தடுப்பு வேலை. அந்த நோயைத் தரும் புழுவின் குட்டிகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் நடமாடும்; அதனால் விரலில் குத்தி ரத்தம் எடுப்பதும் ராத்திரியில்தான். கதவைத் தட்டினால் திருடனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை டிஇசி, அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரைகள் கொடுப்போம். நோய் இல்லாதவர்களும் போட வேண்டும். அதுதான் சிக்கல். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பாட்டி வாங்கிய மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டார். "என் கால் நல்லாத்தானே இருக்கு? போன தடவை போட்டு மருமகளுக்குக் காய்ச்சல் வந்துச்சு."

நோட்டீசில் 'முற்றிலும் பாதுகாப்பானது' என்று எழுதியவன் நான். உடம்பில் புழு இருந்தால் அது சாகும்போது காய்ச்சலும் தலைவலியும் வரலாம், ஓரிரு நாளில் போய்விடும். இதை நான் சொல்லவில்லை. காய்ச்சல் கண்டவர் என்னைப் பொய்யன் என்று நினைத்ததில் தப்பே இல்லை. அந்த வரியை மாற்றச் சண்டை போட்டேன். "நாமளே காய்ச்சல் வரும்னு சொன்னா எவன்யா போடுவான்?" என்றார் ஒரு மேலதிகாரி. மாற்றினோம். அடுத்த வருஷம் அதே பாட்டி, "காய்ச்சல் வந்தா உள்ள புழு சாவுதாமே?" என்று எனக்கே பாடம் எடுத்துவிட்டு விழுங்கினார். இருந்தாலும் முந்தானையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆய்வாளர் தரும் இரண்டு பக்கக் குறிப்பில் என்ன கண்டுபிடித்தார் என்பது மட்டும் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வாங்க வேண்டும், பழைய நிருபர் மாதிரி.

நீங்கள் முதலில் இரண்டு வருஷம் நிருபராக அலையுங்கள். பேராசிரியரைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் துறைக் கருத்தரங்குச் செய்தியைப் பேப்பருக்கு அனுப்பச் சொல்லி, என்னைப் போல பேனாவை விற்ற ஒருவரிடம்தான் கொடுத்திருப்பார்.