கொழுப்பை நிறுத்தினால் பெருங்குடல் கட்டி பட்டினி கிடக்குமா?

அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், 'கட்டி கொழுப்பைத் தின்று வளர்கிறது' என்று எங்கோ படித்தேன், அவர் சாப்பாட்டில் கொழுப்பை அடியோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். நான் மருத்துவர் அல்ல. இந்தப் புற்றுநோய்ச் செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பவன். நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் தட்டில் இருப்பதைக் குறைத்துக் கட்டியைப் பட்டினி போட முடியாது.

காரணம், கொழுப்பின் அடிப்படைக் கூறான கொழுப்பு அமிலத்தைக் கட்டி குளுக்கோஸிலிருந்தே தயாரித்துக்கொள்ளும். அதற்கான நொதி பல கட்டிகளில் அளவுக்கு மீறி இருக்கிறது. போதாததற்கு, சிடி36 என்ற புரதத்தின் வழியாக வெளியிலிருந்தும் இழுக்கும். குடலைச் சுற்றிக் கொழுப்புத் திசு உண்டு. கட்டி குடல் சுவரைத் தாண்டி அங்கே எட்டிவிட்டால், பக்கத்துக் கொழுப்புச் செல்கள் தங்கள் சேமிப்பை உடைத்து அதற்குக் கொடுக்கின்றன. அப்பா சாப்பிடாமல் மெலிந்தால் நஷ்டம் அவருக்குத்தான்; கீமோவைத் தாங்கும் தெம்பு குறையும்.

என்னை அதிகம் கவர்வது இந்தக் கொழுப்பு நெரிசலில் நோய் எதிர்ப்புச் செல்கள் படும் பாடு. எலிகளில் செய்த ஆய்வுகளில், கட்டியைக் கொல்ல வந்த டி செல்களும் அதே சிடி36 வழியாகக் கொழுப்பை விழுங்கிச் செயலிழக்கின்றன, சில செத்தே போகின்றன. எதிர்ப்பை அடக்கிவைக்கும் வேறொரு வகை டி செல்களோ அங்கே செழிப்பாக வாழ்கின்றன. கட்டிக்கு இதைவிட வசதியான அக்கம்பக்கம் கிடைக்காது!

எல்லாக் கொழுப்பு அமிலமும் எதிரி என்றும் நினைக்க வேண்டாம். நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கும்போது உண்டாகும் பியூட்டிரேட்டும் கொழுப்பு அமிலம்தான். ஆரோக்கியமான பெருங்குடல் செல்களுக்கு அதுவே முக்கிய எரிபொருள். புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸையே பெரிதும் நம்புவதால், எரிக்கப்படாத பியூட்டிரேட் உள்ளே தேங்கி அவற்றின் பெருக்கத்தைத் தடுப்பதைச் செல் வளர்ப்பில் காணலாம்.

மருத்துவரிடம் கேட்பதானால் ஆஸ்பிரின் பற்றிக் கேளுங்கள். அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு, கட்டியை ஊக்குவிக்கும் புரோஸ்டாகிளாண்டினாக மாறுவதை அது தடுக்கிறது. 2025இல் வெளியான வட ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், செல் வளர்ச்சியைத் தூண்டும் பிஐ3கே என்ற சமிக்ஞைத் தடத்தில் கட்டிக்கு மரபணு மாற்றம் இருந்தவர்களுக்கு, அறுவைச் சிகிச்சைக்குப் பின் 3 ஆண்டுகள் தினமும் 160 மில்லிகிராம் கொடுத்ததில், நோய் திரும்பும் ஆபத்து ஏறத்தாழ பாதியானது. எனவே அந்த மாற்றம் இருக்கிறதா என்று அப்பாவின் கட்டியைச் சோதித்திருக்கிறார்களா என்பதே முதல் கேள்வி. நீங்களாக மாத்திரையைத் தொடங்கிவிடாதீர்கள். இரத்தக்கசிவு ஆபத்து உண்டு.