மொட்டை மாடியில் மேட்ச்: குறைந்த செலவில் ப்ரொஜெக்டர் வைப்பது பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஐபிஎல் நெருங்கும் நேரம் என்பதால் வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. மாடியில் பெரிய திரை கட்டி, தெருக்காரர்களோடு உட்கார்ந்து மேட்ச் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் இருக்கிறது. அதை வீண் செலவில்லாமல் செய்ய முடியும்.

சத்துவாச்சாரி: அண்ணா, 12,000 ரூபாய் வரைக்கும் போடலாம்னு இருக்கோம். ஆன்லைன்ல 9,000 லூமன், 12,000 லூமன்னு போட்டிருக்காங்க. எதை நம்பறது?

லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. அந்த எண்களை நம்பவே வேண்டாம் தம்பி. ‘ஆன்சி லூமன்’ (ஆன்சி என்ற தர அமைப்பின் முறைப்படி அளந்தது) என்று குறிப்பிட்டு எழுதியிருந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். வெறும் ‘லூமன்’ என்று போடுவதற்குப் பொதுவான அளவுமுறை எதுவும் இல்லை. விற்கிறவர் வைத்ததுதான் எண். உங்கள் பட்ஜெட்டில் உண்மையாகக் கிடைப்பது பெரும்பாலும் சில நூறு ஆன்சி லூமன்தான்.

அதை வைத்தே நன்றாகப் பார்க்கலாம், திரையின் அளவில் பேராசைப்படாமல் இருந்தால். திரையின் அகலத்தையும் உயரத்தையும் அடியில் அளந்து பெருக்குங்கள். வரும் சதுர அடியை 15-ஆல் பெருக்குங்கள். அத்தனை ஆன்சி லூமன் இருந்தால், நல்ல இருட்டில் சினிமா தியேட்டர் அளவுக்கு வெளிச்சம் வரும். மூலைக்கு மூலை 80 இன்ச் உள்ள திரை சுமார் 19 சதுர அடி. 285 லூமன் போதும். 100 இன்ச் என்றால் 30 சதுர அடி, 450 லூமன். 150 இன்ச்சுக்குப் போனால் 1,000 தேவை. 300 லூமன் மெஷினை வைத்து 150 இன்ச் அடித்தால் புல்தரையெல்லாம் சாம்பல் பூத்துப் போகும். உங்கள் மாடிக்கு நேராகத் தெருவிளக்கு இருந்தால் இந்தக் கணக்குக்கு மேலேயே வேண்டும்; இல்லையென்றால் திரையை விளக்குக்கு முதுகு காட்டித் திருப்பிக் கட்டுங்கள். 80 இன்ச்சில் பளிச்சென்று பார்ப்பதுதான் எப்போதும் என் சிபாரிசு.

பாகாயம்: ‘ஃபுல் எச்டி சப்போர்ட்’னு போட்டிருந்தா வாங்கலாமா?

‘சப்போர்ட்’ என்றால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே அர்த்தம். ‘நேட்டிவ்’ (மெஷின் உண்மையில் காட்டும் படப் புள்ளிகள்) என்ற இடத்தில் 1920 × 1080 இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது 1280 × 720 இல்லாவிட்டால் ஸ்கோர் எழுத்து கலங்கும்.

காட்பாடி: நம்ம ஊர் வெயில்ல மாடியில மெஷின் தாங்குமா சார்? கத்திரியில தரையே கொதிக்குது.

கேட்க வேண்டிய கேள்வி அக்கா இது. ப்ரொஜெக்டரின் கையேட்டில் எத்தனை டிகிரி வரை ஓடும் என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் 35 அல்லது 40. நம் ஊரில் மே மாதம் பகலில் 40-ஐத் தாண்டுவது வழக்கம். பொழுது சாய்ந்த பிறகும் காங்கிரீட் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை வெகுநேரம் கக்கிக்கொண்டிருக்கும். அதனால் மெஷினைத் தரையில் வைக்கவே கூடாது. இடுப்பு உயர ஸ்டூலில் வையுங்கள். காற்று போகும் ஓட்டைகளைச் சுற்றி ஓர் அடியாவது காலியாக இருக்கட்டும். மெஷின் மேல் துணி போடாதீர்கள்.

ஐந்தரை, ஆறு மணிக்குத் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றி விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே ஒயரை இழுக்க வேண்டும். மெஷினைப் பொழுது சாய்ந்த பிறகு மேலே கொண்டு போனால் போதும். ஐபிஎல் மாதங்களில் இங்கே ஆறரை வாக்கில் சூரியன் மறைகிறது; ஏழரை மேட்சுக்கு முதல் பந்து விழும்போது நல்ல இருட்டாகிவிடும். பகல் மூன்றரை மணிக்குத் தொடங்கும் மேட்சைக் கீழே டிவியிலேயே பாருங்கள்.

ஆம்பூர்: திரைக்கு வேட்டி கட்டலாமா, ஃப்ளெக்ஸ் வாங்கலாமா?

இரண்டுக்கும் முன்னால் உங்கள் மாடிப்படி ரூமின் வெளிச்சுவரைப் பாருங்கள். பூச்சு சமமாக இருந்தால், பளபளப்பில்லாத வெள்ளை பெயிண்ட் இரண்டு கோட் அடித்தாலே அருமையான திரை. காற்றில் ஆடாது. யாரும் சுருட்டி வைக்க வேண்டாம்.

ஒற்றை வேட்டி என்றால் பாதி வெளிச்சம் பின்னால் போய்விடும். இரட்டையாக மடித்து, பின்னால் கறுப்புத் துணி கொடுங்கள். அடி ஓரத்தில் ஒரு பிவிசி பைப்பைக் கோத்துக் கீழேயும் கட்டுங்கள். பளபளக்கிற ஃப்ளெக்ஸில் நடுவே ஒரு வெளிச்சத் திட்டு கண்ணைக் குத்தும்.

குடியாத்தம்: போன வருஷம் போன்ல இருந்து போட்டோம். பக்கத்து வீட்ல ‘சிக்ஸ்’னு கத்தின பிறகுதான் எங்களுக்கு பவுலரே ஓடி வர்றார்ணா!

ஆன்லைன் ஸ்ட்ரீமிங் எப்போதும் டிவி ஒளிபரப்புக்குப் பின்னால்தான் வரும். அரை நிமிடம்கூடப் பின்தங்கலாம். இதற்கு வழி உங்கள் மாடியிலேயே இருக்கிறது. டிஷ் ஆன்டெனா அங்கேதானே நிற்கிறது? செட்டாப் பாக்ஸை மேலே கொண்டு வாருங்கள். பாக்ஸை ஆஃப் செய்துவிட்டு, ஆன்டெனா முனையில் கீழே போகும் கேபிளைக் கழற்றி, ஒரு சின்னக் கேபிளை மாட்டி பாக்ஸுக்குக் கொடுங்கள். பாக்ஸிலிருந்து ப்ரொஜெக்டருக்கு எச்டிஎம்ஐ ஒயர் (படமும் ஒலியும் சேர்ந்து போகும் ஒயர்). கீழிருந்து நீளமாக எச்டிஎம்ஐ ஒயர் இழுத்தால் பத்து மீட்டருக்கு மேல் படம் வெட்டி வெட்டி வர வாய்ப்பு அதிகம்.

ஸ்ட்ரீமிங்தான் வேண்டுமென்றால் மெஷினுக்குள் இருக்கும் ஆப்பை நம்பாமல், தனியாக ஒரு ஃபயர் ஸ்டிக் (எச்டிஎம்ஐ ஓட்டையில் செருகும் ஸ்ட்ரீமிங் கருவி) மாட்டுங்கள். மலிவான மெஷின்கள் பலவற்றுக்கு உரிய அனுமதிச் சான்று இல்லாததால், ஆப் திறந்தாலும் படம் மங்கலாகத்தான் வரும். இன்னொன்று: நம் நாட்டு டிவி ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ், அதாவது படம் நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும். ஸ்டிக் 60-இல் இருந்தால் பந்து விட்டு விட்டு ஓடும். செட்டிங்கில் 50-க்கு மாற்றிப் பாருங்கள்.

ஆற்காடு: ஆபீஸ்ல கழிச்ச பழைய ப்ரொஜெக்டர் ஒண்ணு விலைக்கு வருது. எடுக்கலாமா?

தாராளமாக யோசிக்கலாம். ஆபீஸ் மெஷின்கள் பல 2,500, 3,000 ஆன்சி லூமன் உள்ளவை. மாடிக்கு அந்த வெளிச்சம் பெரிய வரம். மெனுவில் ‘லேம்ப் ஹவர்ஸ்’ (லேம்ப் இதுவரை எரிந்த மணி நேரம்) பாருங்கள். 3,000 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் புது லேம்ப் விலையை விசாரித்த பிறகு பேரம் பேசுங்கள். சில சமயம் லேம்ப்பே மெஷின் விலையைத் தின்றுவிடும். எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். லேம்ப் மெஷினை அணைத்ததும் பிளக்கைப் பிடுங்கக் கூடாது, ஃபேன் ஓடி லேம்ப்பை ஆற்றி நிற்க விட வேண்டும். கரன்ட் போனால் இந்த ஃபேனும் நின்றுவிடும் என்பதால், இன்வெர்ட்டர் லைனிலிருந்து ஒயர் எடுத்தால் நிம்மதி.

வேலப்பாடி: சவுண்டுக்கு புளூடூத் ஸ்பீக்கர் போதுமா?

போதும். ஆனால் ஆக்ஸ் ஒயரில் (ஹெட்போன் ஓட்டையில் செருகும் ஒயர்) மாட்டுங்கள்; புளூடூத்தில் மட்டைச் சத்தம் பிந்தி வரும். இரவு பத்துக்கு மேல் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட வேண்டும். திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கு அதன்பின் சட்டப்படி தடை உண்டு, இரண்டாவது இன்னிங்ஸ் பத்தைத் தாண்டித்தான் முடியும். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் இருக்கும்.

வாலாஜா: ஆளுக்கு 20 ரூபாய் வசூல் பண்ணி மெஷின் செலவை எடுக்கலாமா?

வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கு ஒளிபரப்பைக் காட்டுவது, உரிமம் இல்லாமல் செய்தால், 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவுக்கு எதிரானது. உறவும் நட்புமாகக் கூடி, சுண்டலும் டீயும் பங்கு போட்டுப் பாருங்கள்.

கே.வி.குப்பம்: திடீர்னு மழை வந்தா?

கோடையில் நம் பக்கம் சாயங்கால இடிமழை சகஜம். மேற்கே மின்னல் கண்டால் துளி விழும்வரை காத்திருக்காதீர்கள். முதலில் சுவர் சுவிட்சை அணையுங்கள், அப்புறம் மெஷினைத் தூக்குங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல், ஆரம்பத்திலேயே ஒரு நாற்காலி மேல் கட்டி வைத்துவிடுங்கள்.