பாஸ்வேர்டு பலமாக இருந்தால் போதுமா?

கே: விளக்குத்தூண் அருகே மொத்த ஜவுளிக் கடை வைத்திருக்கிறோம். பில் போடும் லினக்ஸ் சர்வரை உசிலம்பட்டிக் கிளையும் இணையம் வழியே பயன்படுத்துகிறது. ‘சாக் பேனிக் ஓட்டை இருக்கிறது, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைப் புதுப்பித்து ரீபூட் செய்ய வேண்டும்’ என்கிறார் சர்வீஸுக்கு வரும் தம்பி. பாஸ்வேர்டு பலமானது, வருடக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் இயந்திரம். தீபாவளி முடிந்து பார்த்துக்கொள்ளலாம்தானே?
— ஜவுளி வியாபாரி, மதுரை

ப: கூடாது. அந்தத் தம்பிக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, இன்று இரவு கடை அடைத்ததும் வேலையை முடிக்கச் சொல்லுங்கள்.

பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாஸ்வேர்டு கேட்கும் மென்பொருள் வரை வராமலேயே, அதற்கும் கீழே தகவலைத் துண்டு துண்டாக அனுப்பிப் பெறும் டிசிபி பகுதியிலேயே இயந்திரத்தைக் கவிழ்த்துவிடலாம். வழியில் தொலைந்த துண்டுகளை மட்டும் மறுபடி அனுப்ப வைக்கும் வசதிக்குத்தான் சாக் என்று பெயர். நல்ல வசதி. லினக்ஸ் அதைக் கையாளும் விதத்தில் இருந்த கோளாறை நெட்ஃபிளிக்ஸின் ஜோனதன் லூனி கண்டுபிடித்தார். 2019 ஜூனில் செய்தி வெளிவந்தது. 2009-இல் வந்த 2.6.29 கர்னல் முதலே அது உள்ளே கிடந்தது.

உங்கள் தொழில்படியே சொல்கிறேன். ஒரு பேல் துணியையும் கைக்குட்டை அளவுக்குக் கிழித்துத் தரச் சொல்லி ஒருவர் அடம்பிடிக்கிறார்; கிழிக்கலாம், துண்டுக் கணக்கு எழுதும் கட்டத்தில் இடம் போதாது. இங்கே எதிராளி, ‘ஒரு துண்டு 48 பைட்டுக்கு மேல் வேண்டாம்’ என்கிறான். கூடுதல் குறிப்புகளுக்கு 40 போனால் சரக்குக்கு மிச்சம் 8. சர்வரின் ஒரு பொட்டலத்தில் 32 கிலோபைட் வீதம் 17 பகுதிகள் அடங்கும். எட்டெட்டாக நறுக்கினால் 69,632 துண்டுகள். எண்ணிக்கைக்கு ஒதுக்கிய 16 பிட் இடத்தில் 65,535-க்கு மேல் எழுத முடியாது. கணக்கு உதைக்கிறது, கர்னல் அதைக் கண்டதும் தானே ஓட்டத்தை நிறுத்திக்கொள்கிறது. பேனிக் என்பது அதுதான்.

எதுவும் திருடு போகாது. ஆனால் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, தெற்குமாசி வீதி பிதுங்கும் நேரத்தில் பில் நின்றால், திருட்டே தேவலை என்று தோன்றும்.

நிறுத்தாமல் ஓடுகிறது என்று பெருமைப்படுகிறீர்களே, என் கவலையே அதுதான். புதிய கர்னலை நிறுவினாலும் ரீபூட் ஆகும்வரை ஓடுவது பழையதுதான். பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதவும் வேண்டாம். டெபியன், ரெட் ஹாட் போன்று லினக்ஸைத் தொகுத்துத் தருகிறவர்கள் பழைய பதிப்பிலேயே ஒட்டுப் போட்டுத் தருவதுண்டு. மாற்றக் குறிப்பில் இந்த ஓட்டையின் பதிவு எண்ணான சிவிஇ-2019-11477 இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்று ரீபூட்டுக்கு வழியே இல்லையென்றால் சாக் வசதியைத் தற்காலிகமாக அணைத்துவைக்கலாம். உசிலம்பட்டி லைன் சுமாரானது என்றால் அங்கே பில் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கே: எங்கள் அலுவலகத்தில் எல்லாம் விண்டோஸ். நிம்மதியாக இருக்கலாமா?
— வாசகி, மேலூர்

ப: சாக் பேனிக்கைப் பொறுத்தவரை இருக்கலாம். ஆனால் 2020 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அடைத்த ஓட்டை ஒன்று உண்டு: ஐபிவி6 என்ற புதிய இணைய முகவரி முறையில் ரூட்டர் அனுப்பும் அறிவிப்பு போல ஜோடித்த பாக்கெட்டை அனுப்பியே விண்டோஸ் 10-ஐ நீலத்திரையில் விழவைக்க முடிந்தது. அப்டேட் கேட்கும்போதெல்லாம் ‘பிறகு’ என்று தள்ளிவிடுகிறவர் உங்கள் அலுவலகத்தில் யார்?