டாக்காவுக்கு நம் லாரி நேராகப் போகுமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் சின்ன ஸ்பின்னிங் மில் நடத்துகிறேன். வங்கதேசத்தில் டாக்கா பக்கம் நாராயண்கஞ்சில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் ஒருவர் 30-ஆம் நம்பர் கோம்டு நூல் கேட்கிறார். "கப்பல் என்றால் தாமதம், முன்பு மாதிரி லாரியிலேயே போடுங்கள்" என்கிறார். எங்கள் லாரி டாக்கா வரை போகுமா? எந்த வழி நல்லது?

பதில்: போகாது. தரைவழியாக நூல் வருவதற்கு வங்கதேசம் தடை போடும் முன்பும் போனதில்லை. லாரியில் நூல் போய்க்கொண்டிருந்த காலத்திலும் நம் வண்டி மேற்கு வங்கத்தின் பெட்ராபோல் எல்லையைத் தாண்டி, அந்தப் பக்கம் பேனாபோல் யார்டு வரைதான் போகும். அங்கே சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். டாக்காவுக்கு ஏற்றிப்போவது அந்த ஊர் லாரி. நேபாளத்துக்கு இந்திய லாரி உள்ளேயே போய் இறக்குகிறது. வங்கதேசத்துடன் அந்த ஏற்பாடு இல்லை. 2015 ஜூனில் திம்புவில் வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் நான்கும் மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பூடான் மேலவை அதை ஏற்கவில்லை. மற்ற மூன்று நாடுகளும் தொடரலாம் என்றார்கள், சோதனை ஓட்டமெல்லாம் நடந்தது. ஆனால் அன்றாடச் சரக்கு இன்னும் பழையபடி எல்லையில் இறங்கித்தான் ஏறுகிறது.

இதற்கு ஆகும் நேரத்தை உலக வங்கி 2021-இல் கணக்கிட்டுச் சொன்னது. பெட்ராபோல் - பேனாபோல் எல்லையைக் கடக்க 138 மணி நேரம், அதாவது ஆறு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் 28 மணி நேரம் லாரிக்கு லாரி சரக்கு மாற்றுவதற்கே போகிறது. இதே அளவு போக்குவரத்துள்ள கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. 2016-இல் பெட்ராபோலில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி வந்தது, 2024 அக்டோபரில் சரக்குக்குத் தனியாக 'மைத்ரி துவார்' வாசலும் திறந்தார்கள். வாசல் பெரிதானாலும் இறக்கி ஏற்றும் வேலை அப்படியேதான் இருக்கிறது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஏப்ரலில் வங்கதேச வருவாய் வாரியம் பேனாபோல், போம்ரா, சோனாமஸ்ஜித், பாங்ளாபந்தா, புரிமாரி ஆகிய தரைவழித் துறைமுகங்கள் வழியாக நூல் இறக்குமதியை நிறுத்தியது. அந்த நாட்டு நூற்பாலைகள் கேட்டு வந்த தடை இது. எல்லைச் சாவடியில் நூலின் கவுண்ட்டை (நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் நம்பர்) சோதிக்க வசதி இல்லை, மதிப்பைக் குறைத்துக் காட்டிக் கொண்டுவருகிறார்கள் என்பது அவர்கள் வாதம். நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. வங்கதேசச் சரக்கு இந்தியா வழியாக மூன்றாம் நாடுகளுக்குப் போகத் தந்திருந்த வசதியை அதே மாதம், இந்தத் தடைக்குச் சில நாள் முன்பே, டெல்லி திரும்பப் பெற்றது. மே மாதம், அந்நாட்டு ஆயத்த ஆடைகள் நவா ஷேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்றது. ஆக, பார்ட்டி "முன்பு மாதிரி லாரியில்" என்றால், இப்போது அதற்கு அனுமதி இருக்கிறதென்று அவருடைய கஸ்டம்ஸ் ஏஜென்ட் எழுத்தில் தரட்டும். வாட்ஸ்அப் உறுதிமொழியை நம்பி லோடு ஏற்றாதீர்கள். எல்லையில் திருப்பிவிட்டால் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ரிட்டர்ன் வாடகை உங்கள் தலையில்தான் விழும்.

அப்புறம் மிஞ்சுவது கடல். தூத்துக்குடியில் கண்டெய்னர் ஏறினால் வழக்கமாகக் கொழும்பு போய், அங்கே வேறு கப்பலுக்கு மாறி சட்டோகிராம் (பழைய பெயர் சிட்டகாங்) சேரும். சட்டோகிராம் துறைமுகம் கர்ணபுலி ஆற்றில் இருக்கிறது, ஆழம் போதாது. பெரிய தாய்க்கப்பல் உள்ளே வராது, அதிலிருந்து சரக்கை மாற்றி ஏற்றிவரும் சிறிய ஃபீடர் கப்பல்தான். தாமதமாவது பெரும்பாலும் கப்பல் ஓடும்போது அல்ல, கொழும்பில் அடுத்த கப்பலுக்கும் சட்டோகிராமில் பெர்த்துக்கும் (கப்பல் கட்டும் இடம்) காத்திருக்கும்போது. அதனால் ஃபார்வர்டரிடம் (கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஏஜென்ட்) சரக்குக் கட்டணத்தை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். கொழும்பில் எந்தத் தேதிக் கப்பலில் இடம் உறுதி என்று கேளுங்கள். சென்னையிலிருந்து நேரடிக் கப்பல் அந்த வாரம் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். நாராயண்கஞ்சுக்குப் பக்கத்தில் பான்காவ் ஆற்றுத் துறைமுகம் இருக்கிறது. கொல்கத்தாவிலிருந்து சிறு கப்பல் அங்கே போகலாம். ஆனால் அவசர ஆர்டருக்கு அதை நம்பச் சொல்ல மாட்டேன்.

பலரும் மாட்டிக்கொள்வது எல்.சி.யில்தான், அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் பேங்க் தரும் உறுதிக் கடிதத்தில். வழி மாறினால் ஆவணமும் மாறும். லாரிக்கான எல்.சி. டிரக் ரசீது கேட்கும், கப்பலுக்கு பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது). பழைய எல்.சி.யை அப்படியே நகல் எடுத்து அனுப்பியிருந்தால், சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாலும் பேங்க் ஆவணத்தைத் திருப்பிவிடும். இறக்கும் துறைமுகம் சட்டோகிராம் என்று இருக்க வேண்டும், டிரான்ஷிப்மென்ட் (வழியில் கப்பல் மாற்றுவது) அனுமதி உண்டென்று இருக்க வேண்டும். கடைசி ஷிப்மென்ட் தேதியும் தாராளமாக வேண்டும். இந்த மூன்றும் சரியாகும்வரை நூலை மில்லை விட்டு வெளியே விடாதீர்கள். திருத்தம் வாங்கவும் நாள் பிடிக்கும். அங்கே வெள்ளி, சனி பேங்க் விடுமுறை, இங்கே ஞாயிறு. இரு பக்கமும் திறந்திருப்பது வாரத்தில் திங்கள் முதல் வியாழன் வரை நாலே நாள்.

பார்ட்டி ஏன் அவசரப்படுகிறார் என்பதும் தெரிந்திருக்கட்டும். அவர் உங்களுக்குத் தரும் எல்.சி. பெரும்பாலும் வெளிநாட்டு ஆடை ஆர்டரின் எல்.சி.யை வைத்துத் திறக்கப்படும் பேக்-டு-பேக் எல்.சி.யாக இருக்கும். ஆடைக் கப்பல் தேதி நெருங்கினால் நெருக்கடி அவரிடமிருந்து உங்களுக்கு இறங்கும். தேதியை நீட்டித் தர முடியாது என்றால் ஆர்டரைப் பிரித்து, முதல் கண்டெய்னரை உடனே ஏற்றலாம். அதற்கு எல்.சி.யில் பார்ஷியல் ஷிப்மென்ட் அனுமதி வேண்டும்.

விலை பேசும்போது சட்டோகிராமில் கண்டெய்னர் தங்கினால் விழும் டிடென்ஷன், டெமரேஜ் எனும் தாமதக் கட்டணங்கள் பார்ட்டி பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கப்பல் கம்பெனியிடம் எத்தனை நாள் ஃப்ரீ என்று கேட்டு அதையும் பார்ட்டிக்குத் தெரிவியுங்கள். லாரியில் பழகிய வாங்குபவர் இந்தச் செலவைக் கணக்கில் வைத்திருக்க மாட்டார், பில் வந்த பிறகு நூலின் தரத்தில் குறை கண்டுபிடிப்பார்.